கடனில் தத்தளிக்கும் ரேஸ் ட்ராக்: மார்ஷல் எதுவரை உதவலாம்?

கேள்வி: பதினொரு வருடமாக ஒரு கார் ரேஸ் ட்ராக்கில், கொடி காட்டி விபத்தில் உதவும் மார்ஷலாகச் சம்பளமில்லாமல் நிற்கிறேன். இந்த சீசனில் மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் நின்றுவிட்டது. பெட்ரோல் படி இரண்டு தடவை வரவில்லை. ட்ராக் பெரிய கடனில் இருப்பதாகப் பேச்சு. 'ட்ராக் டே நாட்களிலும் இலவசமாக வந்து நில்லுங்கள், முடிந்தால் பங்கும் வாங்குங்கள்' என்கிறது நிர்வாகம். இடமே மூடிவிடுமோ என்று பயம். உதவுவதா, ஒதுங்குவதா?

பதில்: நீங்கள் யாருக்காக நிற்கிறீர்கள் என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். பெரும்பாலான இடங்களில் ரேஸை நடத்துவது கிளப். ட்ராக் அதற்கு வாடகைக்கு விடப்பட்ட இடம், அவ்வளவுதான். உங்கள் காப்பீடு அந்த ரேஸுக்கான அனுமதிச் சீட்டோடு வருவது. ட்ராக் டே அப்படியில்லை. காசு கொடுத்து வருகிறவர்கள் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்கும் நாள் அது. ட்ராக்கின் சொந்த வியாபாரம். கிளப்பின் காப்பீடு அங்கே உங்களோடு வரும் என்று நம்பாதீர்கள். தினக்கூலியும், காப்பீட்டுக்கு எழுத்து மூலமான உறுதியும் தந்தால் போங்கள். இல்லையென்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். ரேஸ் நாளில் வழக்கம்போல நில்லுங்கள். பெட்ரோல் படியைக் கிளப்பிடம் கேளுங்கள்.

இனி உங்கள் பயம். கூட்டம் நிரம்பி வழிந்தாலும் ட்ராக் நஷ்டப்படும். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் ட்ராக்கைப் பாருங்கள். 2009இல் போட்ட ஃபார்முலா 1 ஒப்பந்தத்தில், ரேஸை நடத்த ட்ராக் கட்ட வேண்டிய கட்டணம் ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் என்று விதி. 2010இல் சுமார் 1.2 கோடி பவுண்டாக இருந்தது 2017இல் 1.6 கோடியைத் தாண்டியது. டி.வி. உரிமைப் பணமும் ஓரத்து விளம்பரப் பணமும் ட்ராக்குக்குக் கிடையாது. டிக்கெட் காசுதான் கதி. 2015இல் 28 லட்சம் பவுண்டு, 2016இல் 48 லட்சம் பவுண்டு நஷ்டம். 2017 ஜூலையில் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமையைப் பயன்படுத்தினார்கள். 2019இல் புது ஒப்பந்தம் போட்டார்கள். ரேஸ் ஒரு வருடம்கூட நிற்கவில்லை.

இங்கிலாந்தின் இன்னொரு ட்ராக்கான டொனிங்டன் கதை இதைவிட மோசம். 2008இல் அங்கே ஃபார்முலா 1 நடத்தும் வாய்ப்பைப் பிடித்த நிறுவனம், பணம் கைக்கு வரும் முன்பே மண்ணைத் தோண்டிவிட்டது. சுரங்கப் பாதைக்காக ட்ராக்கையே குறுக்கே வெட்டிப் போட்டிருந்தார்கள். 2009 அக்டோபரில் 13.5 கோடி பவுண்டு திரட்ட முடியாமல் கைவிரித்து, ஆண்டு முடிவதற்குள் நொடித்தும் போனார்கள். ஆனால் நிலம் அந்த நிறுவனத்துடையதல்ல, வீட்கிராஃப்ட் குடும்பத்துடையதாக இருந்தது. வெட்டிய இடத்தை மூடி, 2010இலேயே மறுபடி கார்கள் ஓடின. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ட்ராக்கும் 2012இல் திவாலாகி, 2014இல் கைமாறி, இன்றும் ஓடுகிறது. மாறாக, இங்கிலாந்தில் 2001இல் திறந்த ராக்கிங்ஹாம் ட்ராக் 2018இல் ரேஸுக்கு மூடப்பட்டு, கார்களை நிறுத்தி வைக்கும் இடமாகிப் போனது. ஆகவே கடன் தொகையைப் பற்றிய வதந்தியை விடுங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது, குத்தகை எந்த ஆண்டு முடிகிறது, அந்த நிலத்துக்கு வேறு யாராவது கூடுதல் விலை பேசுகிறார்களா என்று விசாரியுங்கள்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றுதான் எங்களுக்குக் கவலை. காசில்லாத ட்ராக் முதலில் கை வைப்பது பராமரிப்பில். அது அலுவலக அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. போஸ்ட்டில், அதாவது ட்ராக் ஓரத்தில் மார்ஷலுக்கான இடத்தில், நிற்கிற உங்களுக்குத் தெரியும். காலையில் பத்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சுற்றிப் பாருங்கள்.

கார்ட்ரெயிலில், அதாவது ட்ராக் ஓரத்து இரும்புத் தடுப்பில், ஒரு தகடு அடுத்த தகட்டின் மேல் ஏறும் இடத்தைக் கவனியுங்கள். கார் வரும் திசையில் முதலில் வரும் தகடு ட்ராக் பக்கமாக, அடுத்ததன் மேலே இருக்க வேண்டும். அவசரத்தில் குறைந்த கூலிக்கு மாட்டியவர்கள் இதைத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். அப்போது தகட்டின் விளிம்பு வருகிற காரை ஈட்டி மாதிரி எதிர்கொள்ளும். கீழ்த் தகட்டுக்கு அடியில் மழை மண்ணை அரித்திருந்தால் தாழ்வான கார் உள்ளே நுழைந்துவிடும். டயர் சுவரில் டயர்களை இணைக்கும் போல்ட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். துருப்பிடித்து விட்டுப்போயிருந்தால் மோதும்போது டயர்கள் சிதறிப் பறக்கும். முன்னால் மாட்டிய கன்வேயர் பெல்ட் கிழிந்திருந்தால் காரின் மூக்கு உள்ளே குத்தி நின்றுவிடும். தீயணைப்புக் குடுவையில் அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருந்தால் போதாது. பவுடர் அடியில் கெட்டிப்பட்டிருக்கும். தலைகீழாகக் கவிழ்த்து, உள்ளே பொடி சரிகிறதா என்று கேளுங்கள். சீல் அறுந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

ஆள் குறைவு என்று ஒரு போஸ்ட்டை மூடச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுத்தடுத்த இரண்டு போஸ்ட்டுகளுக்கு நடுவே 500 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பார்க்க முடிய வேண்டும் என்பது உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதி. நடுவில் ஒன்று போனால் மஞ்சள் கொடி தெரியாமல் ஓர் ஓட்டுநர் முழு வேகத்தில் வருவார். அப்போது ட்ராக்கில் துடைப்பத்தோடு நிற்பது நீங்கள். குறையை ரேடியோவில் ரேஸ் கன்ட்ரோலுக்குச் சொல்லி, நேரத்தோடு குறித்து வையுங்கள். போஸ்ட் தயாரில்லை என்றால் தயாரில்லை என்றே சொல்லுங்கள். ரேஸை நடத்தும் பொறுப்பதிகாரியான கிளார்க் ஆஃப் தி கோர்ஸ் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பங்கு விஷயம் சுருக்கமாக: வேண்டாம். நொடித்த நிறுவனத்தில் வங்கி, ஊழியர், கடன் கொடுத்தவர்கள் எல்லாரும் வாங்கிய பிறகுதான் பங்குதாரர் முறை வரும். அப்போது அநேகமாக எதுவும் மிஞ்சாது. அடுத்த சீசன் வாடகைக்குக் கிளப் மொத்தமாக முன்பணம் கட்டுவதும் இதே ஆபத்துதான். ஒவ்வொரு ரேஸுக்கும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இந்த வாரமே செய்ய வேண்டியது. கிளப்பின் கொடிகள், ரேடியோக்கள், குடுவைகள் எல்லாம் ட்ராக்குக்குள் ஒரு கன்டெய்னரில்தானே கிடக்கும்? நிர்வாகம் கைமாறும் நாளில் முதலில் பூட்டப்படுவது கேட். உள்ளே இருப்பது உங்களுடையது என்று நிரூபித்து மீட்க மாதக்கணக்காகும். ஒவ்வொன்றிலும் கிளப் பெயரை அழியாத பெயின்ட்டில் எழுதி, எண்ணிக்கையோடு பட்டியல் போட்டு, போட்டோ எடுங்கள். வண்டியில் ஏற்ற முடிந்ததை ஞாயிறு சாயங்காலமே வெளியே கொண்டுபோய்விடுங்கள்.