மாவுக்கட்டோடு மூன்றாம் வகுப்பு

கேள்வி: என் மகன் அரசு நடுநிலைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். சைக்கிளில் இருந்து விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள், ஆறு வாரம் நடக்கக் கூடாது. வகுப்பு டீச்சர் ரொம்ப நல்லவர். பாடம் போய்விடக் கூடாதென்று காலை பத்து மணிக்குத் தன் போனை மேஜைமேல் நிறுத்தி வீடியோ கால் போடுகிறார். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் மாலை வரை அதில் ஓடுகிறது. அரை மணி நேரத்துக்கு மேல் இவன் பார்ப்பதில்லை. தூங்குகிறான், இல்லையென்றால் பாட்டியோடு சண்டை. நானும் கணவரும் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவோம். வீட்டில் இருப்பது மாமியார் மட்டும்தான். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. இவனை அதே வகுப்பில் நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள் அம்மா. ஃபெயில் போடுவது பற்றிக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2019-இல் வந்த மாற்றம் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும்தான். மூன்றாம் வகுப்பில் யாரையும் நிறுத்தி வைக்க முடியாது. டாக்டர் சீட்டின் நகல் ஒன்றைத் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

அடுத்தது அந்த வீடியோ கால். டீச்சர் மனசு பெரிசு, சந்தேகமே இல்லை. ஆனால் அதை நாளையே நிறுத்தச் சொல்லுங்கள். முப்பது பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவே, வெளிச்சம் பட்டுப் பளபளக்கும் கரும்பலகையை உள்ளங்கை அகலத் திரையில் நாள் முழுக்கப் பார்க்க என்னாலும் முடியாது. கொரோனா காலத்தில், 2020 ஜூலையில், மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இப்போதைய கல்வி அமைச்சகம்) 'பிரக்யதா' என்று ஒரு வழிகாட்டி வெளியிட்டது. எட்டாம் வகுப்பு வரை நேரடி ஆன்லைன் வகுப்பு ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் போதும் என்று அதில் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே அவ்வளவுதான். உங்கள் மகன் அரை மணி நேரத்தில் தூங்கிவிடுவதில் தப்பே இல்லை.

அந்தச் சமயம் நானும் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலையில் இருந்தேன். 2020 மார்ச்சில் பூட்டிய பள்ளிக்குச் சின்ன வகுப்புப் பிள்ளைகள் திரும்பி வந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. இடையில் பத்தொன்பது மாதம் கல்வித் தொலைக்காட்சி, வாட்ஸ்அப், நோட்டை போட்டோ எடுத்து அனுப்புவது என்று ஓட்டினோம். எனக்கு வந்த வீட்டுப்பாடங்களில் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். நான் எல்லாவற்றுக்கும் ஸ்டார் போட்டுக்கொண்டே இருந்தேன். பள்ளி திறந்த பிறகுதான் தெரிந்தது, பாதி அக்காமார்கள் எழுதியது. அதனால் போட்டோவை நம்பாதீர்கள். எல்லாப் பாடத்தையும் ஒரே மாதிரி போனில் கொடுக்க முடியாது என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளை விடையைப் பார்த்து எழுதும், அவ்வளவுதான். இந்த வயதில் கணக்கு கையில் இருக்க வேண்டும். ஒரு கட்டு ஈர்க்குச்சியைச் சின்னச் சின்னதாக ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். 47-ஐயும் 38-ஐயும் கூட்ட வேண்டுமா? நான்கு கட்டு, ஏழு குச்சி. மூன்று கட்டு, எட்டு குச்சி. உதிரிக் குச்சியை எண்ணினால் பதினைந்து. அதில் பத்தை எடுத்து அவனே ரப்பர் பேண்ட் மாட்டட்டும். இப்போது எட்டுக் கட்டு, ஐந்து குச்சி, 85. புத்தகத்தில் இனமாற்றம் என்று போட்டிருப்பது இதைத்தான். இதற்கு உங்கள் மாமியாரே போதும், ஆங்கிலம் எதற்கு?

எண்ணை வாயால் சொல்லி எழுதவும் வையுங்கள். நம் மொழியில் ஒரு வேடிக்கை உண்டு. தொண்ணூறு என்றால் காதில் 'நூறு' விழுகிறது, தொள்ளாயிரம் என்றால் 'ஆயிரம்' விழுகிறது. 'நூற்று ஐந்து' என்றதும் 1005 என்று எழுதாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அங்கே தப்பு செய்தால் திட்ட வேண்டாம். குச்சிக் கட்டைக் காட்டினால் போதும், தானே திருத்திக்கொள்வான். வீட்டில் பல்லாங்குழி இருந்தால் எடுத்துக் கொடுங்கள். பாட்டியும் பேரனும் போட்டுக்கொள்ளும் சண்டை குழியில் எத்தனை முத்து என்பதைப் பற்றியாவது இருக்கட்டுமே.

தமிழும் பாட்டி கையில்தான். ல, ள, ழ மூன்றும் போன் ஸ்பீக்கரில் ஒன்றுபோலத்தான் கேட்கும். நாக்கு எங்கே மடிகிறது என்பதை எதிரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தினமும் ஐந்து சொல் பாட்டி சொல்லட்டும், அவன் எழுதட்டும். மரம், மறம், பல், பள்ளம், பழம் என்று கலந்து வந்தால் நல்லது. அப்புறம் ஒரு பத்தி வாசித்துக் காட்டட்டும். அந்த வாசிப்பை ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜாக டீச்சருக்கு அனுப்புங்கள். போட்டோவில் அக்கா எழுதலாம், வாய்ஸில் அவன் குரல்தான் இருக்கும். எங்கே தடுக்கி நிற்கிறான் என்று கேட்ட நொடியிலேயே டீச்சருக்குத் தெரிந்துவிடும்.

ஆங்கிலம்தான் போன் வழியாக நன்றாக வரும் பாடம். டீச்சரிடம் நேரடி கால் வேண்டாம், ஐந்து வாக்கியம் பேசி அனுப்புங்கள் என்று கேளுங்கள். பத்துத் தடவை கேட்டுத் திருப்பிச் சொல்வான். பாடப் புத்தகத்தில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தாலும் வீடியோ வரும். வாரத்தில் இரண்டு போதும்.

அறிவியலுக்கும் சமூக அறிவியலுக்கும் தனித்தனி நேரம் ஒதுக்காதீர்கள். ஒரு டப்பாவில் மண் போட்டு வெந்தயம் தூவிக் கட்டில் பக்கத்தில் வையுங்கள். இரண்டு மூன்று நாளில் முளைக்கும். தினமும் ஸ்கேல் வைத்து அளந்து, 'இன்று 2 செ.மீ.' என்று ஒரு வரி எழுதட்டும். அதிலேயே கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் தமிழும் வந்துவிடுகிறது. ஜன்னல் வழியே தெரியும் தெருவை ஒரு நாள் வரையச் சொல்லுங்கள், எந்தப் பக்கம் கிழக்கு, ரேஷன் கடை எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று.

டீச்சரிடம் இன்னொன்றும் கேளுங்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் சரியாகக் கற்கத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். உங்கள் மகன் தமிழில் எந்த நிலை, ஆங்கிலத்தில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை? ஒன்றில் மலராக இருப்பவன் இன்னொன்றில் அரும்பாக இருக்கலாம். அது தெரிந்தால் இந்த ஆறு வாரத்தில் எதில் அதிகம் உட்கார வேண்டும் என்று உங்களுக்கே புரியும். மூன்றிலும் மலர் என்றால் இன்னும் கொஞ்சம் தூங்கட்டும், விடுங்கள்.

ஆக, காலையில் முக்கால் மணி நேரம், மத்தியானத் தூக்கத்துக்குப் பிறகு அரை மணி நேரம். வேலை முடிந்து வந்ததும் நீங்கள் நோட்டைத் திருத்த உட்காராதீர்கள். செடி எவ்வளவு வளர்ந்தது என்று மட்டும் கேளுங்கள்.

வீடியோ காலை ஒரேயடியாக விட்டுவிடவும் வேண்டாம். சாப்பாட்டு இடைவேளையில் பத்து நிமிடம் மட்டும் போடச் சொல்லுங்கள். கரும்பலகைப் பக்கம் இல்லை, அவன் கூட்டாளிகள் உட்கார்ந்து சாப்பிடும் பக்கம் திருப்பி. அந்தப் பத்து நிமிடம் பாட்டியும் அடுப்படியில் இருக்கட்டும்.