கணுக்கால் சுளுக்குக்கு வெந்நீரில் கால் வைக்கலாமா?

கால் பிசகி ஐந்து நாள் ஆகிறது, வீக்கம் வடிந்துவிட்டது, வெந்நீரில் காலை வைக்கலாமா, ஃபிளாட்டில் பாத்டப் எல்லாம் கிடையாதே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம், ஒரு பக்கெட் போதும். இதையே முதல் நாள் கேட்டிருந்தால் வேண்டவே வேண்டாம் என்றிருப்பேன். தெரியாமல் செய்து அவதிப்பட்டவள் நான்.

போன வருடம் ஏப்ரல் கடைசியில், தி.நகரில் பிளாட்பாரத்தை விட்டு இறங்கும்போது வலது கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்ததும் அம்மா நொச்சி இலை போட்டு வெந்நீர் காய்ச்சி, "பொறுத்துக்கோடி, சூடா ஊத்தினாதான் ரத்தக்கட்டு கலையும்" என்று விளாவி விளாவி ஊற்றினார். ஊற்றும்போது இதமாகத்தான் இருந்தது. ராத்திரி பத்து மணிக்குள் கணுக்கால் எலும்பே தெரியாத அளவுக்கு வீங்கி, செருப்பு நுழையவில்லை.

அடிபட்ட இடத்தில் சின்ன ரத்தக் குழாய்கள் கிழிந்து கசிந்துகொண்டிருக்கும். சூடு அவற்றை இன்னும் விரித்துவிடும். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்கு 15 நிமிடம், கிரேப் பேண்டேஜ், தலையணை மேல் கால். அவ்வளவுதான். அம்மாவின் வைத்தியம் தப்பில்லை, நாள்தான் தப்பு.

வீக்கம் வடிந்த பிறகு மிஞ்சுவது விறைப்பு. அங்கேதான் வெந்நீர் கைகொடுக்கும். இறுகிய தசை தளரும், வலி கொஞ்சம் அடங்கும். பிசியோதெரபிஸ்ட் எனக்குச் சொன்னது: "வெந்நீர்ல கால வெச்சிட்டு சும்மா உக்காராதீங்கம்மா. கட்டைவிரலால அ, ஆ எழுதுங்க." பாதம் பக்கெட்டின் அடியில் படாமல் தூக்கிப் பிடித்து எழுத வேண்டும். முதல் நாள் எனக்கு 'ட' மட்டும்தான் ஒழுங்காக வந்தது. 'அ'வின் சுழியில் கணுக்கால் அப்படியே பிடித்துக்கொண்டது. தண்ணீரின் சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து, பத்து நாளில் 'ஔ' வரை வந்தேன். எனக்குப் பலன் தந்தது வெந்நீர் பாதி, இந்த எழுத்து பாதி. வெறுமனே ஊற வைத்து எடுத்தால் அன்றைக்கு மட்டும் சுகமாக இருக்கும்.

கணுக்கால் முழுக்க மூழ்கும் அளவுக்கு உயரமான பக்கெட்டாக எடுங்கள். சூடு 38 முதல் 40 டிகிரி, 15 நிமிடம். மணிக்கட்டின் உள்பக்கத்தை நனைத்துப் பாருங்கள், இதமாக இருக்க வேண்டும், சுரீர் என்றால் விளாவுங்கள். மே மாதத்தில் எனக்கு கீசரே தேவைப்படவில்லை. மத்தியானம் மொட்டைமாடி டேங்கிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே அந்தச் சூட்டில் இருந்தது. கல் உப்பு போடலாம், போடாமலும் இருக்கலாம், வேலை செய்வது சூடுதான். ராடு போட்டுக் காய்ச்சினால், சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கி ராடை வெளியே எடுத்த பிறகே தண்ணீரைத் தொடுங்கள்.

வீட்டில் சர்க்கரை நோயாளி யாராவது இதைச் செய்யப்போனால் தயவுசெய்து தடுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. திறந்த புண் இருந்தாலும் வேண்டாம்.

ஊற வைத்த பின் துடைத்துவிட்டு, சூடு இறங்குவதற்குள் ஹாலுக்குள் மெதுவாக நாலு நடை நடங்கள். சாயங்காலம் மறுபடி வீங்கினால் மறுநாள் வெந்நீரை விட்டுவிடுங்கள். இன்னும் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்கால் எலும்பை அழுத்தினால் உயிர் போகிறது என்றால், முதலில் எலும்பு டாக்டரிடம் எக்ஸ்ரே எடுங்கள், அப்புறம் பக்கெட்டைப் பார்க்கலாம்.