எல்லைக்கு இந்தப் பக்கம் 1200, அந்தப் பக்கம் 4000

அன்புள்ள அக்காவுக்கு,

தெற்காசிய நாடுகளின் கைம்பெண்கள் ஒன்றுசேர்ந்து உரிமை கேட்பது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் தங்கையை எல்லைக்கு அந்தப் பக்கம், ஆந்திராவில் நகரிப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். தறி ஓட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை போன வருஷம் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். காரியம் முடிந்த மாதமே இரண்டு பிள்ளைகளோடு தங்கை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆதார், ரேஷன் கார்டு எல்லாமே ஆந்திர முகவரி. இங்கே உதவித்தொகை கேட்டால் "நீ இந்த ஊர் இல்லையே" என்கிறார்கள். அங்கே கேட்டால் "நீ இப்போது இங்கே இல்லையே" என்கிறார்கள். இதற்கு நடுவில் மாமியார் வீட்டிலிருந்து ஏதோ ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேட்டு ஆள் அனுப்புகிறார்கள். நாடுகள் பேசுவது இருக்கட்டும், பத்து கிலோமீட்டரில் நிற்கிற எங்களுக்காக யார் பேசுவது?

பெயர் வேண்டாம், திருத்தணி பக்கம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பேப்பர். தங்கை அதில் கையெழுத்துப் போடவே வேண்டாம். தெலுங்கில் எழுதியிருந்தால், படிக்கத் தெரிந்த, உங்களுக்கு வேண்டிய ஒருவரிடம் காட்டுங்கள். உயில் எழுதாமல் கணவர் இறந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், கணவரின் தாய் எல்லோருக்கும் ஆளுக்கொரு சம பங்கு. தாய்வீட்டுக்கு வந்துவிட்டதால் தங்கையின் பங்கு போகாது. நாளைக்கே அவள் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டாலும் போகாது. 1856-ல் வந்த மறுமணச் சட்டம் மறுமணத்துக்கு வழிவிட்டது, ஆனால் மறுமணம் செய்கிறவளிடமிருந்து முதல் கணவரின் சொத்தைப் பறித்துக்கொண்டது. ஊர்ப் பெரியவர்கள் பலர் இன்னும் அதை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். அந்தச் சட்டம் 1983-லேயே நீக்கப்பட்டுவிட்டது.

அடுத்து பணம். தமிழ்நாட்டில் ஆதரவற்ற விதவை உதவித்தொகையை 2023-ல் 1200 ரூபாய் ஆக்கினார்கள். ஆந்திராவில் 2024 ஜூலையிலிருந்து 4000, ஒன்றாம் தேதி வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஆனால் வாங்குகிறவள் அந்த வீட்டில் இருக்க வேண்டும். நம் பெண்கள் பலர் இருப்பதில்லை. கணவன் போனதும் தாய்வீடு வருவது இந்த எல்லையில் காலங்காலமாக நடக்கிறது. 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தபோது கோடு மாறியதே ஒழிய, கல்யாண சம்பந்தம் மாறவில்லை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் அப்படியேதான் இருக்கிறது.

என் சின்ன அத்தைக்கும் இதே கதைதான். தாய்வீடு வந்த பிறகு ஒரு மஞ்சள் பையில் எல்லாச் சான்றுகளையும் போட்டுக்கொண்டு அலைந்தாள். பள்ளிச் சான்றில் அவள் பெயருக்கு முன்னால் தாத்தாவின் முதலெழுத்து. ஆந்திர அட்டையில் தெலுங்கு வழக்கப்படி புகுந்த வீட்டின் "இன்ட்டி பேரு", அதாவது குடும்பப் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று எப்படி நம்புவது என்று ஒரு அலுவலகத்தில் கேட்டார்கள். அத்தை ஒன்றும் பேசவில்லை. வளையல் இல்லாத கையை மேஜைமேல் நீட்டினாள். முன்கையில் மாமாவின் பெயர் தமிழில் பச்சை குத்தியிருந்தது. பதினோராம் நாள் வளையலை உடைத்தபோது கீறிய தழும்பு அதன் குறுக்கே ஓடியது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார், ஆனாலும் மனுவைத் திருப்பித்தான் கொடுத்தார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் நாடுகள் பேசுவதை நான் பெரிதாக நினைக்கிறேன். நேபாளத்தைப் பாருங்கள். தன் கணவரை இழந்த லிலி தாபா 1994-ல் அங்கே ஒரு அமைப்பைத் தொடங்கினார். "பிதவா" என்ற சொல்லே வேண்டாம், "ஏகல் மஹிளா", தனித்து வாழும் பெண் என்று சொல்லுங்கள் என்றார்கள். நம் பக்கம் "அறுத்தவ" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! வயதுவந்த மகன்களின் சம்மதம் இல்லாமல் கைம்பெண் சொத்தை விற்க முடியாது என்ற விதி அங்கே இருந்தது. கோர்ட்டுக்குப் போய் அதை உடைத்தார்கள். 2009-ல் கைம்பெண்ணை மணப்பவனுக்கு 50,000 ரூபாய் என்று அரசு அறிவித்தபோது, எங்களுக்கு விலை வைக்காதே என்று அந்தப் பெண்களே தெருவில் இறங்கினார்கள். அவர்கள்தான் இந்தியா, இலங்கை, வங்கதேசப் பெண்களையும் சேர்த்து ஒரு தெற்காசியக் கூட்டமைப்பையும் கட்டினார்கள். ஓர் ஊரில் ஜெயித்த வழக்கை அடுத்த ஊர்க்காரி கையில் எடுத்துக்கொண்டு போக முடிகிறது. ஐ.நா. 2010-ல் ஜூன் 23-ஐ உலகக் கைம்பெண்கள் நாள் என்று அறிவித்ததற்கும் அந்த அளவில் பயன் உண்டு. மகாராஷ்டிராவில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஹேர்வாட் கிராமசபை 2022 மே மாதம் வளையல் உடைப்பதையும் குங்குமம் அழிப்பதையும் நிறுத்தத் தீர்மானம் போட்டது. அதே மாதம் மற்ற ஊர்களும் இதைப் பின்பற்ற வேண்டும் என்று மாநில அரசே சுற்றறிக்கை விட்டது.

நமக்குத் தேவையானது இதைவிடச் சின்ன விஷயம். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் ஆந்திர அட்டைக்குத் தமிழ்நாட்டுக் கடையில் அரிசி கிடைக்கிறது. அரிசி எல்லை தாண்டுகிறதென்றால் உதவித்தொகை ஏன் தாண்டக் கூடாது? பெண் வசிக்கும் இடம் மாறினால், ஒரு மாதம்கூட விட்டுப்போகாமல் இங்கே தொடங்கிவிட்டு அங்கே நிறுத்தட்டும். இரண்டு மாநிலமும் உட்கார்ந்து பேச தென்மண்டலக் கவுன்சில் இருக்கிறது. அங்கே தண்ணீர் பற்றிப் பேசுவதுபோல இதையும் பேசட்டும். நம் சுயஉதவிக் குழுக்களும் அந்தப் பக்கத்து டுவாக்ரா மகளிர் குழுக்களும் சேர்ந்து மனு கொடுத்தால், இத்தனை பெண்கள் நடுவில் மாட்டியிருக்கிறார்கள் என்று பெயரோடு காட்டலாம். நான் வரத் தயார்.

அதுவரை உங்கள் தங்கை எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள். இங்கேதான் என்றால் முதலில் ஆதாரில் முகவரி மாற்றம், பிறகு அங்கே ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம், அப்புறம் இங்கே சேர்ப்பு, அதன் பிறகு மனு. ஆந்திராவில் வாங்கிய இறப்புச் சான்று இங்கேயும் செல்லும். பிறப்பு இறப்புப் பதிவு 1969-ல் வந்த மத்திய சட்டத்தின்கீழ் நடப்பது. செல்லாது என்று யாராவது சொன்னால் அதை எழுத்தில் கேளுங்கள். அசலை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், பத்து நகல் எடுத்து வையுங்கள்.

தங்கையின் போன் எண்ணை எனக்குத் தனியாக அனுப்புங்கள். பேப்பர் விஷயமாக நானே அவளிடம் பேசுகிறேன்.

அன்புடன்,
அக்கா