கலியாணப் படங்களுக்கு றோ ஃபைல் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: போன ஆவணியில் நல்லூரில் மகளின் கலியாணம். ஸ்டூடியோக்காரர் அல்பத்தோடு 1,800 படங்களை ஜேபெக்காகப் பென் டிரைவில் தந்தார். மண்டப வெளிச்சத்தில் சில படங்கள் மஞ்சளடித்துக் கிடக்கின்றன. கனடாவிலுள்ள மகன், "றோ ஃபைலைக் கேளுங்கோ அம்மா, நான் திருத்திறன்" என்கிறான். ஸ்டூடியோவில் அதற்குத் தனிக்காசு கேட்கிறார்கள். கொடுக்கலாமா? ஜேபெக்கைத் திறக்கத் திறக்கத் தரம் குறையும் என்பதும் உண்மையா?
- வாசகி, கொக்குவில்

பதில்: றோ என்பது கமெரா பிடித்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் மூல ஃபைல்; ஜேபெக் என்பது அதைப் பதப்படுத்திச் சுருக்கிய வழக்கமான பட ஃபைல். ஜேபெக்கைத் திறந்து பார்ப்பதாலோ கொப்பி பண்ணுவதாலோ ஒன்றும் குறையாது. திருத்திவிட்டு மறுபடி ஜேபெக்காகவே சேமிக்கும்போதுதான் இழப்பு. ஜேபெக், படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எடுபடாத நுணுக்கங்களைக் கழித்துவிடும். நிறத்தில் இன்னும் தாராளமாகவே கழிக்கும். பலமுறை சேமித்த படத்தில் கூறைச் சேலையைப் பெருப்பித்துப் பாருங்கள். சிவப்பும் சரிகையும் சேருமிடத்தில் ஓரம் கலங்கி, சின்னச் சதுரங்கள் தெரியும். மகன் லைட்ரூம் என்ற படம் திருத்தும் மென்பொருளைப் பாவித்தால் இந்தப் பயமில்லை. அது மூலப் படத்தைத் தொடாமல் திருத்தங்களை வேறாகக் குறித்துவைக்கும்.

மஞ்சள் விஷயத்தில் மகன் சொல்வது சரி. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான்; 14 பிட் றோவில் 16,384. அதோடு, எது வெள்ளை என்று கமெரா எடுத்த முடிவு ஜேபெக்கில் படத்தோடு கலந்துவிடும். றோவில் அது வெறும் குறிப்பு, பிறகு மாற்றலாம். ஜேபெக்கில் மஞ்சளைப் பலமாகக் குறைத்தால் முகத்தோல் திட்டுத் திட்டாகும். மாப்பிள்ளையின் வேட்டி மடிப்பே தெரியாமல் வெளுத்திருந்தாலும் றோவில் ஓரளவு மீட்க வாய்ப்புண்டு.

அதற்காக 1,800-க்கும் காசு கொடுக்காதீர்கள். ஒன்று 25 எம்பி என்றாலே மொத்தம் 45 ஜிபி. அத்தனையையும் உட்கார்ந்து யார் திருத்துவது? தாலிகட்டு, அறுகரிசி போடுதல், குடும்பப் படம் என்று முப்பது நாற்பதைப் பொறுக்கி, ஃபைல் எண்களைக் குறித்துக் கொடுத்து, அவற்றுக்கு மட்டும் விலை பேசுங்கள். அதற்கும் முன்னால், றோவில் எடுத்தார்களா என்று கேளுங்கள். ஜேபெக்கில் மட்டும் எடுத்திருந்தால் தருவதற்கு அவர்களிடமே ஒன்றுமில்லை.

"டிஃப்பாக மாற்றித் தருகிறோம்" என்றால் கொஞ்சம் உஷார். டிஃப் என்பது வழக்கமாக நுணுக்கத்தைக் கழிக்காமல் சேமிக்கும் இன்னொரு பட ஃபைல் வகை. றோவிலிருந்து திருத்திய 16 பிட் டிஃப் காசுக்குப் பெறுமதி. ஜேபெக்கை டிஃப்பாக்கினால் ஃபைல்தான் பெருக்கும், போன நுணுக்கம் வராது. வாங்கும்போது ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளைப் பாருங்கள்: கனன் என்றால் சிஆர்2 அல்லது சிஆர்3, நிக்கன் என்றால் என்ஈஎஃப், சோனி என்றால் ஏஆர்டபிள்யூ.

கேள்வி: வட்ஸ்அப்பில் வந்த அப்பாவின் படத்தைப் பெரிதாக அடித்துச் சுவரில் மாட்டலாமா?
- வாசகர், சாவகச்சேரி

பதில்: வேண்டாம். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். 1,600 புள்ளி நீளமுள்ள படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அடித்தால் ஐந்து அங்குலத்துக்குச் சற்று மேலேதான் வரும். அனுப்பியவரின் போனில் மூலப் படம் இருந்தால், 'டொக்கியுமென்ட்' ஆக மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.