அப்பாவின் ஆர்எக்ஸ் 100 பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மெக்கானிக்கிடம் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100, 1994 மாடல். அவர் 2022-இல் காலமானதிலிருந்து வீட்டில் சும்மாவே நின்றது. மூன்று வருடம் கழித்து, ஓட்டும் நிலைக்குக் கொண்டுவரச் சொல்லி ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். 14,500 ரூபாய் பேசி ஜிபே-யில் கொடுத்தேன், பில் தரவில்லை. வண்டி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டு உதைத்தால் மறுபடி ஓடும். திரும்பக் கொண்டுபோய் விட்டதும், “இப்போ வர்ற பெட்ரோல் அப்படி” என்றார். அப்புறம் “போர் போயிருக்கு, இன்னும் 9,000 ஆகும்” என்றார் (சிலிண்டரின் உட்புறம் தேய்ந்துவிட்டதாம்). அதைக் கொடுக்காமல் வண்டியைத் தர மாட்டாராம். ஆர்.சி. அப்பா பெயரில், 2024-இல் முடிந்துவிட்டது. இன்சூரன்ஸும் இல்லை. என்ன செய்வது? – வாசகர், திருச்சி.

பதில்: முதல் வேலை வண்டியை வெளியே எடுப்பது. செய்த வேலைக்குக் கூலி பாக்கி இருந்தால், அதைக் கொடுக்கும்வரை பொருளைப் பிடித்துவைக்க இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 170-ஆவது பிரிவு மெக்கானிக்குக்கு உரிமை தருகிறது. ஆனால் அந்த உரிமை ஒப்புக்கொண்டு செய்து முடித்த வேலைக்கு மட்டும்தான். நீங்கள் பேசிய 14,500 முழுவதும் கொடுத்துவிட்டீர்கள். 9,000 ரூபாய் வேலை இன்னும் செய்யப்படவே இல்லை, நீங்கள் அதற்குச் சம்மதிக்கவும் இல்லை. செய்யாத வேலைக்காக வண்டியைப் பிடித்துவைக்க அவருக்கு உரிமை கிடையாது. இதை இரண்டே வரியில் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: போர் வேலைக்கு என் சம்மதம் இல்லை, வண்டியை இருக்கிற நிலையிலேயே இன்ன தேதிக்குள் கொடுங்கள். அதற்கு வரும் பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

அதற்கும் தரவில்லை என்றால் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ். அதற்கும் மசியாவிட்டால் காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து, மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கலாம். நம்பி ஒப்படைத்த பொருளைத் தன்னுடையதாக்கிக்கொள்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆவது பிரிவில் வரும் குற்றம். ஆனால் எடுத்த எடுப்பிலேயே போலீசுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பணத் தகராறு என்று சொல்லி அங்கே உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், மெக்கானிக்கும் இறுகிவிடுவார்.

வண்டியை எடுக்கும்போது இன்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர், கார்புரேட்டர் மூன்றையும் அவர் முன்னாலேயே படம் எடுங்கள். ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996-இல் நின்றுவிட்டதால் அதன் ஒரிஜினல் பாகங்களுக்கு இன்று நல்ல விலை. விட்டபோது இருந்த பாகம் மாறியிருந்தால் அது தனி வழக்கு.

இனிப் பணத்தைத் திரும்பப் பெறும் விஷயம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி கட்டணம் கொடுத்துச் சேவை பெற்ற நீங்கள் நுகர்வோர். “வண்டி உன் பேர்லயே இல்லையே” என்று எதிர்த்தரப்பு கேட்கும். சேவையைக் கேட்டவரும் பணம் கொடுத்தவரும் நீங்கள் என்பதற்கு ஜிபே பதிவு போதும். கேட்டும் பில் தராதது அதே சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. வாட்ஸ்அப்பில் ஒரு முறை பில் கேட்டுவிடுங்கள்.

கஷ்டமான இடம் வேறு. வண்டி நிற்கிறது என்பது மட்டுமே சேவைக் குறைபாடு ஆகாது. முப்பது வருட வண்டியை மெக்கானிக் புது வண்டியாக்கித் தர வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அந்தத் தொழில் தெரிந்தவர் காட்ட வேண்டிய கவனத்தைக் காட்டினாரா என்பதுதான் கேள்வி, காட்டவில்லை என்று நிரூபிக்கும் சுமை உங்கள் மேல். ஆகவே பழுது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வழக்குப் போடாதீர்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் இருக்கலாம். சட்டத்தின் பார்வையில் இரண்டும் வெவ்வேறு திசையில் போகின்றன.

ஒன்று, பெட்ரோல் சரியாக இறங்காதது. டேங்க் மூடியில் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. வண்டி நின்றே கிடந்தால் தூசியும் துருவும் அதை அடைத்துவிடும். பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, வண்டி பத்து நிமிடத்தில் நிற்கும். மெல்லக் காற்று கசிந்து உள்ளே போனதும் மறுபடி ஓடும். இதைச் சோதிக்க இன்ஜினை ஓட்டவே வேண்டாம். பக்கத்தில் நெருப்பு ஏதும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில், கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் டியூபைக் கழற்றிப் பெட்ரோல் கேனில் விட்டு, மூடியை இறுக்கி, டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பைத் திறங்கள். ஓட்டம் போகப் போக மெலிந்து, மூடியைத் திறந்ததும் பழையபடி கொட்டினால் குற்றவாளி மூடிதான். திறந்தும் மெலிந்தே வந்தால் டேப்பின் வலையில் துரு அடைத்திருக்கிறது. தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். மூன்று வருடம் நின்ற வண்டியில் டேங்க், டேப், கார்புரேட்டர் ஜெட் மூன்றையும் சுத்தம் செய்வதுதான் யாரும் முதலில் செய்யும் வேலை. அதைச் செய்யாமல் 14,500 வாங்கியிருந்தால் உங்கள் வழக்கு பலமானது. இந்தப் பழுதுக்குப் போர் வேலை கேட்டிருந்தால் இன்னும் பலம்.

இரண்டு, சூடானதும் பிஸ்டன் நகராமல் சிலிண்டருக்குள் பிடித்துக்கொள்வது. வண்டி நின்றவுடன் கிக்கர் இறுக்கமாக இருந்து, ஆறியதும் இளகினால் சந்தேகம் இந்தப் பக்கம். ஆர்எக்ஸ் 100 டூ-ஸ்ட்ரோக் வண்டி. 2டி ஆயிலை ஒரு சின்ன பம்ப் தனியாக இன்ஜினுக்கு அனுப்பும். நெடுநாள் நின்ற வண்டியில் அந்த பம்பையும் குழாயையும் பார்க்காமலும், அதிலுள்ள காற்றை வெளியேற்றாமலும் ஓட்டினால் ஆயில் போகாமல் பிஸ்டனில் கோடு விழும். அப்படி நடந்திருந்தால் அவர் கேட்கும் 9,000 ரூபாய் வேலை அவர் கவனக்குறைவால் வந்த வேலை, செலவு அவருடையது. ஆனால் அப்பா ஓட்டிய காலத்திலேயே போர் தேய்ந்திருந்தால் மெக்கானிக்கைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டையும் பிரித்துச் சொல்ல ஒரு வீடியோ போதாது. சிலிண்டரை உங்கள் முன்னால் கழற்றி, பிஸ்டனைப் படம் எடுத்து, ஒரு ஆட்டோமொபைல் இன்ஜினியரிடம் எழுத்து மூலம் கருத்து வாங்க வேண்டும். அதற்குமுன் வேறு எவரிடமும் பிரிக்கக் கொடுத்துவிடாதீர்கள். பிரித்த பிறகு யார் கெடுத்தது என்பதை நுகர்வோர் ஆணையத்தில் நிலைநாட்டுவது மிகக் கடினம்.

பெட்ரோல்மேல் பழி போடுவதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் உண்டு. அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களைக் கெடுக்கும். ஆனால் அது தெரிந்த மெக்கானிக் பழைய பெட்ரோலை வடித்து, டியூபையும் சீலையும் மாற்றியிருக்க வேண்டும். தெரிந்தே செய்யவில்லை என்றால் அந்த வாதம் அவருக்கே எதிராகத் திரும்பும்.

பழுது இதுதான் என்று தெரிந்ததும், 15 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் அனுப்புங்கள்: இலவசமாகச் சரிசெய்து கொடுங்கள், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தாருங்கள். பெரும்பாலும் இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். முடியாவிட்டால் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், அல்லது இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகப் புகார் தரலாம். ஒர்க்‌ஷாப் வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடரலாம். உங்கள் தொகைக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயம் இல்லை. காலக்கெடு இரண்டு வருடம். விசாரணை பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் வைத்தே நடக்கும், அதனால்தான் அந்த வீடியோவையும் இன்ஜினியர் கருத்தையும் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இதைவிட எனக்குக் கவலை தருவது, நீங்கள் அந்தப் பத்து நிமிடமும் ரோட்டில்தான் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்கள் என்பது. தயவுசெய்து இனி வேண்டாம். பதிவு முடிந்த வண்டியை ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192-ஆவது பிரிவில் முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம். இன்சூரன்ஸ் இல்லாததற்கு 196-ஆவது பிரிவில் 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. அதையாவது கட்டிவிடலாம். ஒருவர்மேல் மோதிவிட்டால் இழப்பீடு லட்சக்கணக்கில் போகும், கொடுக்க இன்சூரன்ஸ் கம்பெனி இருக்காது. மெக்கானிக்கிடமும் “டிரையல் எடுக்காதீர்கள்” என்று எழுத்தில் சொல்லுங்கள். வண்டியை லோடு ஆட்டோவில் ஏற்றியே கொண்டுவாருங்கள்.

உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.-வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். அந்தக் காலம் போய்விட்டது, ஆனாலும் தாமதக் கட்டணத்துடன் இப்போதும் கேட்கலாம். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், அம்மாவும் உடன்பிறந்தவர்களும் தரும் ஆட்சேபணையின்மைக் கடிதம் தேவைப்படும். பதிவைப் புதுப்பிக்கப் படிவம் 25. கிடைத்தால் ஐந்து வருடத்துக்குச் செல்லும், பசுமை வரியும் கட்ட வேண்டும். பழைய வண்டிகளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் ஏறியிருப்பதால், போர் வேலைக்குப் பணம் இறக்குமுன் மொத்தம் எவ்வளவு ஆகும் என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிடுங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஆர்.சி.-யோடு ஒப்பிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அதனால் இன்ஜினையே மாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.