அறுத்தெறிந்த ஏழு நாடாக்கள்

அன்புள்ள ஐயா,

துளையிட்ட அட்டைகளில் நூல் கோத்து, அவற்றைச் சுழற்றி நாடா நெய்யும் அட்டை நெசவை ஆறு மாதமாக நானாகவே கற்றுவருகிறேன். காணொளியில் காட்டுகிறபடிதான் செய்கிறேன். ஆனால் நான்கு விரற்கடை நெய்வதற்குள் பூவேலை குலைந்துவிடுகிறது, நாடாவும் கயிறுபோல் திருகிக்கொள்கிறது. இதுவரை ஏழு முறை அறுத்தெறிந்துவிட்டேன். மர அட்டை வாங்கினால் சரியாகுமா? பருத்தி நூல் நல்லதா, கம்பளி நூலா? குரு இல்லாமல் இது வராதோ என்று தோன்றுகிறது.

ம.

அன்புள்ள ம.,

அட்டை எதுவானாலும் சரி. பழைய சீட்டுக்கட்டைச் சதுரமாக வெட்டி நான்கு மூலையிலும் துளையிட்டால் போதும். நூல் வழுவழுப்பாக, இழுத்தால் அறாததாக இருக்கட்டும். குரு விஷயத்தை விடுங்கள்.

என்னை உறுத்துவது அந்த ‘அறுத்தெறிந்துவிட்டேன்’தான். ஏழு முறை! பாடம் சொல்ல வந்த ஏழு பேரை வாசலோடு விரட்டியிருக்கிறீர்கள்.

என் முதல் நாடாவும் இப்படித்தான் சுருண்டது. நூலைத் திட்டினேன். குறுக்கே ஓடும் ஊடை நூலை இறுக்கிப் பார்த்தேன், தளர்த்திப் பார்த்தேன். கடைசியில் இழுப்பறையில் போட்டு மூடினேன். இரண்டு வருடம் கழித்து வேறெதையோ தேடும்போது கையில் அகப்பட்டது. அப்போது அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை, அதனால் பார்க்க முடிந்தது. எல்லா இழையும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தது.

ஒவ்வோர் அட்டையும் சுழலும்போது தன் நான்கு இழைகளையும் முறுக்கி ஒரு சின்னக் கயிறாக்குகிறது. ஊடை அந்தக் கயிறுகளை அருகருகே பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான் இந்த நெசவு. எல்லா அட்டையிலும் ஒரே பக்கத்திலிருந்து நூல் கோத்து ஒரே திசையில் சுழற்றிக்கொண்டே போனால் அத்தனை கயிறும் ஒரே பக்கம் முறுக்கேறும். நாடா திருகாமல் என்ன செய்யும்? மறுபடி கோக்கக்கூட வேண்டாம். ஒன்றுவிட்டு ஒன்றாக, புத்தகத்தின் தாளைப் புரட்டுவதுபோல அட்டையைப் புரட்டிவிடுங்கள், சாய்வு மாறிவிடும்.

பூவேலை குலைவது அநேகமாக ஓர் அட்டை கைநழுவிக் கால் சுற்று கூடவோ குறையவோ சுழன்றதால். எந்த இடத்தில், எந்த அட்டை என்பது நாடாவிலேயே இருக்கும். சுழற்சித் திசையை மாற்றிய இடங்களில் இழை சற்று நீளமாக ஊடையைத் தாண்டி நிற்கும். அதைக் கண் பிடித்துக்கொண்டால் அங்கிருந்து ஒவ்வொரு சுற்றாக எண்ணிக்கொண்டு வரலாம். காணொளியை எத்தனை முறை ஓட்டினாலும் அதில் தெரிவது வேறொருவர் கை, அதில் உங்கள் பிழை இருக்காது.

நார்வேயில் ஓசெபெர்க் என்ற இடத்தில் ஒரு கப்பல் புதைகுழியை 1904இல் தோண்டினார்கள். கி.பி. 834இல் இரண்டு பெண்களை அடக்கம் செய்த கப்பல் அது. அதற்குள் 52 அட்டைகள், நீளவாக்கில் ஓடும் பாவு இழை கோத்தபடியே, பாதி நெய்த நாடாவோடு கிடைத்தன. யாரோ பாதியில் வைத்துவிட்டுப் போன வேலை. அவர் உங்களைப்போல் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்பது நம் அதிர்ஷ்டம்.

எட்டாவதைத் தொடங்குவதற்கு முன்னால், ஏழாவது இன்னும் குப்பைக்கூடையில் கிடக்கிறதா என்று போய்ப் பாருங்கள்.