“5 நிமிட நடை” என்றார்கள், 16 கிலோமீட்டர் இருந்தது: பணத்தைக் கேட்கலாமா?

கேள்வி: பினாங்கு லெபோ குவீன் மாரியம்மன் கோயிலுக்கு அம்மாவை அழைத்துப்போக, முன்பதிவுத் தளம் ஒன்றில் 3 இரவுக்கு 390 ரிங்கிட் கட்டி ஒரு பட்ஜெட் ஹோட்டலில் அறை எடுத்தோம். “ஜார்ஜ்டவுன், பாரம்பரிய மையத்துக்கு 5 நிமிட நடை” என்று போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில்! அறை சுத்தம்தான், ஆனால் தினமும் கிரேப் வாடகைக் கார்ச் செலவு. கவுண்டரில் சுற்றுலா வரி என்று 30 ரிங்கிட் வேறு வாங்கினார்கள். நாங்கள் மலேசியர்கள். கேட்டால் “நான்-ரிஃபண்டபள்”, பணம் திரும்பக் கிடைக்காது என்கிறார்கள். என்ன செய்யலாம்? – வாசகி, கிள்ளான்

பதில்: வணக்கம் சகோதரி. ஹோட்டல் தூரத்தில் இருப்பது குற்றமில்லை. பக்கத்தில் இருப்பதாகச் சொல்லி விற்றதுதான் உங்கள் வழக்கு.

“ஜார்ஜ்டவுன்” என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு வாதாடாதீர்கள். 2015இல் மாநகர எல்லை தீவு முழுவதற்கும் விரிந்துவிட்டது. பாயான் லெப்பாஸும் ஜார்ஜ்டவுன்தான் என்று ஹோட்டல்காரர் சொன்னால் அது பொய்யாகாது. அவரால் தப்ப முடியாதது “பாரம்பரிய மையம்”, “5 நிமிட நடை” என்ற வரிகளில். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பகுதிக்கு வரைபடமே இருக்கிறது: மையம் 109.38 ஹெக்டேர், அதைச் சுற்றிய இடைப்பகுதி 150.04 ஹெக்டேர். விமான நிலையம் அங்கிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர். நடந்தால் 3 மணி நேரத்துக்கு மேல்.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 9, 10ஆம் பிரிவுகள் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைத் தடுக்கின்றன. ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. பயனீட்டாளரைத் தவறான எண்ணத்துக்குக் கொண்டுபோகக்கூடியதாக இருந்தாலே போதும். “முகவரி கீழே இருந்ததே, பார்த்திருக்கலாமே” என்று கேட்பார்கள். கேட்கட்டும், 5 நிமிட நடை என்று எழுதியது யார்? “நான்-ரிஃபண்டபள்” என்ற நிபந்தனையும் கேடயமாகாது. எந்த ஒப்பந்தமும் இச்சட்டத்தின் பாதுகாப்பைப் பறிக்க முடியாது என்கிறது 6ஆம் பிரிவு.

ஆனால் முழு 390 ரிங்கிட்டும் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். 3 இரவும் தங்கிவிட்டீர்கள். முதல் இரவே எழுத்தில் புகார் செய்து வெளியேறியிருந்தால் நிலைமை வேறு. இப்போது நியாயமாகக் கேட்கக்கூடியவை: கிரேப் செலவு, அதே தேதிகளில் பாயான் லெப்பாஸில் அதே தரத்து அறைக்கு இருந்த விலைக்கும் நீங்கள் கட்டியதற்கும் உள்ள வித்தியாசம், அந்த 30 ரிங்கிட்.

சுற்றுலா வரி ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட், வெளிநாட்டவருக்கு மட்டும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் விலக்கு உண்டு. மைகார்டு அடையாள அட்டையைக் காட்டித் திரும்பக் கேளுங்கள். பினாங்கில் 3 நட்சத்திரம் வரையிலான ஹோட்டல்களில் ஓர் இரவுக்கு 2 ரிங்கிட் உள்ளூர்க் கட்டணம் தனியாக உண்டு. அது எல்லோருக்கும் பொது, அதோடு சண்டை போட வேண்டாம்.

இன்றைக்கே அந்த விளம்பரப் பக்கத்தைத் தேதியும் இணைய முகவரியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் போன மறுநாளே விளம்பர வாசகம் மாறிவிடும். கூகுள் மேப்பில் ஹோட்டலிலிருந்து கோயிலுக்கு நடைவழியையும், கிரேப் ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள். பிறகு ஹோட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பி, தொகையைக் குறிப்பிட்டு 14 நாள் தவணை கொடுங்கள்.

பதில் இல்லையா? மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முதல் படிவத்தை, அதாவது ‘போராங் 1’ஐத் தாக்கல் செய்யுங்கள். கட்டணம் 5 ரிங்கிட்; இணையத்திலும் முடியும். சம்பவத்திலிருந்து 3 ஆண்டுக்குள் தாக்கலாக வேண்டும். வழக்கறிஞருக்கு அங்கே அனுமதியில்லை, எங்கள் பிழைப்புக்கு அது நஷ்டம்தான். பலர் சறுக்குவது எதிர்மனுதாரர் பெயரில்: பெயர்ப் பலகையில் இருப்பதை எழுதிவிடுவார்கள். ரசீதில் உள்ள ‘செண்டிரியான் பெர்ஹாட்’ (Sdn Bhd, தனியார் நிறுவனம்) என்று முடியும் நிறுவனப் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதுங்கள். இல்லையென்றால் தீர்ப்பு கையில் இருக்கும், வசூலிக்க ஆள் இருக்காது. முன்பதிவுத் தளம் வெளிநாட்டு நிறுவனமென்றால் அதைத் துரத்துவது வீண் அலைச்சல். ஹோட்டல் நிறுவனத்தையே பிடியுங்கள்.

தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது கிரிமினல் குற்றம்: 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 14 நாள் தவணை கொடுக்கும் மின்னஞ்சலிலேயே இதையும் ஒரு வரி சேர்த்து விடுங்கள். சின்ன ஹோட்டல்கள் பெரும்பாலும் விசாரணைக்கு முன்பே பணத்தைக் கட்டிவிடும்.